மெய் அறியும் கலக்கம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



யாப்பைப் பற்றியோ புதுக்கவிதையின் போக்கைப் பற்றியோ நான் பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே ‘மனக்கலக்கமும் அதைத் தணிக்கும் இயல்பான வழிகளும்’ என்று அச்சாகியிருப்பதைக் கண்டு நண்பர்கள் சிலர் வியந்தார்கள். நான் மருத்துவன் அல்லன். ஆயினும் இத்தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். அதற்கான காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த வட்டத்தின் கவியரங்குகளில், முதலாண்டில் ஒரே ஒரு முறை தவிர, நான் கவிதை படித்ததே இல்லை. பிறர் எழுதிய நூலைப் பற்றி மணிக்கணக்கில் பேச எனக்குத் தயக்கமில்லை. ஆனால் என் கவிதையை நானே எழுந்து படிக்க வேண்டும் என்றால் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், தாளைப் பிடித்த கை நடுங்கும், மூச்சு மார்புக்கு மேலேயே நின்றுவிடும். பெயரை அழைத்தபோதெல்லாம் தொண்டை சரியில்லை என்றேன்; ஊருக்குப் பேருந்து பிடிக்க வேண்டும் என்றேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. பேருந்தும் இருந்தது. இப்படித் தப்பியவன் நான் ஒருவன்தான் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். உங்களில் பலரோடு தனியே பேசியபோதுதான், இரவில் உறங்காமல் கிடப்பவர்களும், அஞ்சல்காரர் வந்தாலே நெஞ்சு திடுக்கிடுபவர்களும், காரணம் தெரியாத அச்சத்தோடு நாளைத் தொடங்குபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதை அறிந்தேன். ஆகவே இது நம் வட்டத்துக்குப் புறம்பான பொருள் அன்று.

தமிழ் மரபு இதை எவ்வாறு கண்டது என்பதிலிருந்து தொடங்குகிறேன். தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலையே வகுத்தார். எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. அது நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்பது அவர் கருத்து: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. நான்குமே கண்முன் நிற்பவை, அல்லது நிற்பதாக நம்பப்படுபவை. அத்தகைய அச்சம் இழிவன்று. அஞ்சத் தக்கதைக் கண்டு அஞ்சுவது அறிவுடையார் செயல் என்பதே வள்ளுவர் கருத்தும் ஆகும்.

நாம் இன்று பேசும் கலக்கமோ இந்த நான்கிலும் அடங்காதது. எதிரே புலியும் இல்லை, கள்வனும் இல்லை. நாளை நேரக்கூடும் என்று மனம் தானே வரைந்துகொள்ளும் ஒன்றே அதற்கு நிலைக்களன். தேனிய நாட்டுச் சிந்தனையாளர் கீர்க்ககார் 1844-ஆம் ஆண்டில் இக்கலக்கத்தையே பொருளாகக் கொண்டு ஒரு நூல் எழுதினார். குறித்த ஒரு பொருளைப் பற்றிய அச்சம் வேறு, பொருளற்ற கலக்கம் வேறு என்று அதில் பிரித்துக் காட்டினார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1947-இல், ஆங்கிலக் கவிஞர் ஆடன் தம் நெடுங்கவிதைக்குக் கலக்கத்தின் காலம் என்னும் பொருள்படவே பெயர் சூட்டினார். ஆக, இது ஒருவருடைய கோழைத்தனம் அன்று. மனிதர்க்குப் பொதுவாக நேர்வது.

எனினும் மெய்ப்பாட்டியலை விட்டு நாம் விலக வேண்டியதில்லை. எட்டு மெய்ப்பாடுகளைச் சொன்ன பின், வேறு முப்பத்திரண்டையும் தொல்காப்பியர் அடுக்கிச் செல்கிறார். அவற்றுள் வெரூஉதல், விரைவு, உயிர்ப்பு, வியர்த்தல், ஐயம், நடுக்கு ஆகியவை இடம்பெறுகின்றன. திடுக்கிடல், பரபரப்பு, நெட்டுயிர்த்தல், வியர்வை, நடுக்கம். கலக்கத்துக்கு ஆளானவர் இன்று மருத்துவரிடம் சென்று சொல்லும் குறிகளும் ஏறத்தாழ இவையே. மெய்ப்பாடு என்ற சொல்லிலேயே மெய், அதாவது உடல், முன்னே நிற்கிறது. உள்ளத்தில் நிகழ்வது உடலில் வெளிப்படும் என்பது நம் இலக்கணம். 1884-ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலார் வில்லியம் ஜேம்ஸ் ஒரு படி மேலே சென்று, அஞ்சுவதால் நடுங்குகிறோம் என்பதைவிட நடுங்குவதையே அச்சமாக உணர்கிறோம் என்பது பொருந்தும் என்று வாதிட்டார். அவ்வாதத்தை முழுதும் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் ஒன்று விளங்குகிறது. கலக்கத்துக்கு வாயில் உடல். ஆகவே வெளியேறும் வாயிலும் உடலாகவே இருக்கக்கூடும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாம் சொல்லை நம்பி வாழ்பவர்கள். பாரதியார் தம் புதிய ஆத்திசூடியை அச்சத்தை விடுமாறு பணிக்கும் அறிவுரையோடுதான் தொடங்கினார். அடிமை நாட்டில் அது வேண்டியிருந்த கட்டளை. ஆட்சியாளருக்கு அஞ்சிய மக்களை நோக்கி அவர் பேசினார். ஆனால் அதே கட்டளையை நள்ளிரவில் படபடக்கும் தம் நெஞ்சுக்கு ஒருவர் இட்டுப் பார்க்கட்டும். நெஞ்சு கேட்காது. கேட்கவில்லையே என்ற கலக்கமும் முன்னதோடு சேர்ந்துகொள்ளும். உடல் கட்டளைக்குக் கீழ்ப்படிவதில்லை; பழக்கத்துக்குத்தான் இணங்குகிறது. நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவே. இனிச் சொல்வன எல்லாம் இதன் விரிவு.

உடல் அவ்வாறு நடந்துகொள்வது ஏன்? வால்டர் கேனன் என்னும் உடலியல் அறிஞர் 1915-இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். இடர் வந்தது என்று உணர்ந்த நொடியில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் விரைகிறது. குருதி தசைகளுக்குப் பாய்கிறது. செரிமானம் நிற்கிறது, வாய் உலர்கிறது. போரிடவோ ஓடவோ உடல் ஆயத்தமாகிறது. புலி வந்தால் இது உயிர் காக்கும். கவியரங்க மேடையில் போரிடவும் இயலாது, ஓடவும் இயலாது. திரண்ட ஆற்றல் நடுக்கமாகவே வெளிப்படுகிறது. உடல் பழுதுபட்டதன் அடையாளம் அன்று அது. நல்ல காவலாளி தவறான வீட்டின் முன் நின்று குரல் கொடுக்கிறான், அவ்வளவே. அத்தகைய பேரச்சம் பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்தை எட்டித் தானே தணியத் தொடங்கும் என்பதை அறிந்திருப்பதே பாதி ஆறுதல்.

அக்காவலாளியோடு பேசும் மொழி மூச்சு. இதயத்தை நாம் நினைத்தபடி மெல்ல ஓடச் செய்ய இயலாது, மூச்சை இயலும். உள்மூச்சின்போது இதயம் சற்று விரைகிறது. வெளிமூச்சின்போது வேகஸ் என்னும் நரம்பின் வழியே சற்றுத் தணிகிறது. எனவே வெளிமூச்சை நீட்டுவது இதயத்துக்கு அமைதிச் செய்தி அனுப்புவதாகும். நிமிடத்துக்கு 6 மூச்சு, அதாவது ஒவ்வொன்றும் 10 நொடி என்ற அளவு உடலுக்கு இதமானது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன.

இங்குதான் கவிஞர்களாகிய நமக்கு உவகை தரும் செய்தி ஒன்று உண்டு. 2001-ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டியும் உடனாய்வாளர்களும் 23 பேரை ஆராய்ந்தனர். இலத்தீன் செபமாலை மந்திரத்தையும், பௌத்த மந்திரம் ஒன்றையும் அவர்களை ஓதச் செய்தனர். இரண்டிலும் மூச்சு ஏறத்தாழ நிமிடத்துக்கு 6 என்ற அளவில் வந்து நின்றது. சமயங்கள் வேறு, மொழிகள் வேறு; மூச்சின் அளவு ஒன்று. 2004-இல் சைசார்ஸ் என்பவரும் உடனாய்வாளர்களும் ஓமரின் காவியத்திலிருந்து ஓரடிக்கு ஆறு சீர் வரும் பாக்களை 20 பேரை ஓதச் செய்து, இதயத் துடிப்பையும் மூச்சையும் அளந்தனர். தாமாக மூச்சுவிடும்போது ஒன்றோடொன்று இணங்காத அவ்விரண்டும் பா ஓதும்போது ஒரே தாளத்துக்கு வந்தன.

வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியத்துக்கு அகவல், கலிக்குத் துள்ளல், வஞ்சிக்குத் தூங்கல் என்று ஓசை வகுத்தவர்கள் நம் முன்னோர். நாமோ இன்று பாக்களைக் கண்ணால் மட்டுமே படிக்கிறோம். என் வேண்டுகோள் இது. நாள்தோறும் கால் மணி நேரம், மனப்பாடமான ஆசிரியப்பா ஒன்றை, ஓரடிக்கு ஒரு வெளிமூச்சு என்ற அளவில், விரையாமல், வாய்விட்டு ஓதிப் பாருங்கள். கலக்கம் வந்த பின் ஓதத் தொடங்குவதில் பயன் குறைவு. அமைதியான நாளில் பழகிய ஓசைதான் கலங்கிய நாளில் துணைக்கு வரும். ஓராண்டாக விடியற்காலையில் நான் இதைச் செய்துவருகிறேன். நெஞ்சின் படபடப்பு ஒழிந்தது என்று சொல்லமாட்டேன். அது வந்தால் எங்கே நிற்பது என்று எனக்கு இப்போது தெரியும்.

நம் மரபு தரும் இன்னொரு வழியும் உண்டு. கலக்கம் மேலிடும்போது, கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள்களைப் பெயர் சொல்லுங்கள், காதில் விழும் ஒலிகளைச் சொல்லுங்கள், கையால் தொட முடிந்தவற்றைச் சொல்லுங்கள் என்று உளநல ஆலோசகர்கள் இக்காலத்தில் கற்பிக்கிறார்கள். நாளைக்கு ஓடிய மனத்தை இன்றைக்கு, இவ்விடத்துக்கு, மீட்டுக் கொண்டுவருவதே இதன் நோக்கம். இதைக் கேட்டபோது எனக்கு அகத்திணை மரபே நினைவுக்கு வந்தது. பிரிவால் கலங்கிய உள்ளத்தைப் பாட வந்த சங்கப் புலவர் அதை நேரே பாடவில்லை. முதலில் நிலம், பொழுது. பின் அங்குள்ள மரம், பறவை, நீர். இறுதியில்தான் உரிப்பொருள். நெய்தல் நிலத் தலைவியின் இரங்கல், தாழையும் நண்டும் கழியும் மாலைக் காற்றும் இன்றிப் பேசப்படுவதில்லை. முதலும் கருவும் வந்த பின் உரிக்கு ஒரு தரை கிடைக்கிறது. இரவில் விழித்துக் கிடப்பவர் இவ்வரிசையைத் தமக்கே செய்துகொள்ளலாம். எந்த இடம்? என்ன பொழுது? சுற்றிலும் என்னென்ன? மின்விசிறியின் ஒலி, சன்னல் கம்பியின் குளிர்ச்சி, தெருமுனையில் குரைக்கும் நாய். அதன் பிறகு, என் கலக்கம் என்ன? கேள்வி கடைசியில் வரும்போது அதன் உருவம் சிறுத்திருக்கும்.

இனி அன்றாட வாழ்க்கை. திரண்ட ஆற்றலுக்குத் தசைகளே வடிகால். ஆகவே நடை சிறந்த மருந்து. எங்கே நடக்கிறோம் என்பதும் பொருட்டு. 2015-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 38 பேரில் ஒரு பகுதியினரை மரங்கள் உள்ள புல்வெளியிலும், மறு பகுதியினரைப் போக்குவரத்து மிக்க சாலையோரத்திலும் 90 நிமிடம் நடக்கச் செய்தனர். புல்வெளியில் நடந்தவர்களிடமே ஒன்றையே மீண்டும் மீண்டும் எண்ணி உழலும் போக்குக் குறைந்தது. நமக்குப் புல்வெளி வாய்க்காவிட்டாலும் கண்மாய்க்கரையோ ஆற்றங்கரையோ கோயில் பிரகாரமோ வாய்க்கும்.

காபியைப் பற்றிச் சொன்னால் என்மீது சினம் கொள்வீர்கள். ஆயினும் சொல்கிறேன். காபீன் அட்ரினலின் சுரப்பைத் தூண்டும். உறக்கத்தை வரவழைக்கும் அடினோசினின் வேலையையும் தடுக்கும். உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக் கூட்டத்தில் இரண்டு டம்ளர் குடித்தவருக்கு இரவு பதினொரு மணிக்கும் ஒரு டம்ளர் உள்ளேயே இருக்கிறது. அப்போது வரும் படபடப்புக்கு வாழ்க்கையில் காரணம் தேடுவது வீண். எங்கள் வீட்டில் நண்பகலுக்குப் பின் எனக்குக் காபி இல்லை என்ற விதி வந்து ஈராண்டு ஆயிற்று. வகுத்தவள் என் மனைவி. நன்மை அடைந்தவன் நான்.

மதுவைப் பற்றியும் இந்த அவையில் மறைத்துப் பேச வேண்டியதில்லை. மேடை நடுக்கத்துக்கு அது மருந்து என்று நம்பிய கவிஞர்களை நாம் அறிவோம். முதல் மணி நேரம் அது தணிக்கும். இறங்கும்போது உறக்கத்தைக் கெடுத்து, மறுநாள் காலை கலக்கத்தை இருமடங்காக்கித் திருப்பித் தரும். கடன் கொடுத்து வட்டியோடு வாங்கும் வணிகம் அது.

உறக்கத்துக்கு முன் எழுதும் பழக்கமும் உதவும். 2018-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மறுநாள் செய்ய வேண்டியவற்றைப் படுக்குமுன் 5 நிமிடம் பட்டியலிட்டவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிட விரைவில் உறங்கினர். 1983-இல் போர்க்கோவெக் என்னும் உளவியலார் வேறொரு முறையைச் சோதித்தார். கவலைப்படுவதற்கென்று நாளில் அரைமணி நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, மற்ற நேரத்தில் வரும் கவலையை அந்நேரத்துக்குத் தள்ளிவைப்பது. கவலையை விரட்டினால் அது பிடிவாதம் பிடிக்கும். வந்து அமரத் திண்ணை ஒன்று ஒதுக்கிவிட்டால் வீட்டுக்குள் நுழைவது குறையும்.

இவை எல்லாவற்றிலும் கடினமானது ஒன்று உண்டு. அது விலகி ஓடாதிருத்தல். தொண்டை சரியில்லை என்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும் எனக்கு உடனே நிம்மதி கிடைத்தது. அந்த நிம்மதிதான் நோயை வளர்த்தது. தப்பியதால் பிழைத்தோம் என்று உடல் பாடம் கற்றுக்கொண்டது. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார், முயலைக் கண்டு அஞ்சிய மூன்று வயதுக்குட்பட்ட சிறுவன் ஒருவனுக்குச் செய்த உதவியை எழுதிவைத்தார். சிறுவன் விருப்பமான உணவை உண்ணும்போது கூண்டிலிட்ட முயல் அவனுக்கு இன்னல் தராத தொலைவில் வைக்கப்பட்டது. நாளடைவில் அது சிறிது சிறிதாக அருகே வந்தது. இறுதியில் அவன் அதைத் தொட்டு விளையாடினான். அஞ்சாதே என்று யாரும் அவனுக்கு அறிவுரை சொல்லவில்லை. தொலைவைத்தான் குறைத்தார்கள். நம் வட்டமும் கவியரங்குக்கு முன்பாக நான்கைந்து பேர் அமர்ந்து படிக்கும் திண்ணைக் கூட்டம் ஒன்றை நடத்தலாம் என்பது என் விண்ணப்பம்.

இனி ஓர் எச்சரிக்கை. இயற்கை என்ற சொல் இனியது. இனியதாலேயே நம்மை ஏமாற்றவும் வல்லது. நம் நண்பர் ஒருவர், பெயர் வேண்டா, அவருடைய இசைவோடுதான் சொல்கிறேன், மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையைப் பல மாதங்களாக உட்கொண்டு வந்தார். இயற்கைச் சூரணம் விற்ற ஒருவர், மாத்திரை நஞ்சு, இன்றே எறியுங்கள் என்றார். நண்பர் எறிந்தார். சில நாளில் வலிப்புக் கண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவ்வகை மாத்திரைகளைத் திடீரென நிறுத்துதல் உயிருக்கே இடர். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும். நல்லூழாக நண்பர் நலம் பெற்று இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அமுக்கராக் கிழங்கு கலக்கத்தைச் சற்றே குறைப்பதாகச் சிறு ஆய்வுகள் உண்டு. அதன் செறிவூட்டிய வடிவங்களால் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகளும் உண்டு. வேரும் மருந்துதான். மருந்துக்குரிய மதிப்பையும் அச்சத்தையும் அதற்கும் தர வேண்டும்.

படபடப்பு எல்லாம் மனத்தினுடையதும் அன்று. தைராய்டு மிகையாகச் சுரந்தாலும், குருதிச்சோகை இருந்தாலும் நெஞ்சு படபடக்கும். முதன்முறை நெஞ்சு வலியோடு வந்தால் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிராமல் மருத்துவமனைக்குச் செல்க. கலக்கம் வாரக்கணக்கில் நீடித்து, உறக்கத்தையும் தொழிலையும் குடும்பத்தையும் கெடுத்தாலோ, வாழ்வே வேண்டா என்ற எண்ணம் எட்டிப்பார்த்தாலோ, உடனே உதவி நாடுங்கள். நடுவணரசு 2022-இல் தொடங்கிய டெலிமனாஸ் என்னும் தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் தமிழிலும் கிடைக்கிறது. இயல்பான வழிகள் மருத்துவத்துக்குப் பகை அல்ல. 2022-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கலக்க நோயுள்ள 276 பேரில் ஒரு பகுதியினர் எட்டு வாரம் மனம் கூர்ந்திருக்கும் தியானப் பயிற்சி பெற்றனர். மறு பகுதியினர் எஸ்சிட்டலோப்ராம் என்னும் மருந்து உண்டனர். பயிற்சியின் பயன் மருந்தின் பயனுக்குக் குறைந்ததாக இல்லை. அதாவது மருந்தும் பயன் தந்தது, பயிற்சியும் பயன் தந்தது. தேர்வு நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து செய்ய வேண்டியது.

இறுதியாக, கவிஞர்கள் வெளியே சொல்லத் தயங்கும் ஓர் ஐயம். கலக்கம் தீர்ந்தால் கவிதையும் தீர்ந்துவிடுமோ? நானும் இப்படி எண்ணித்தான் கலக்கத்தைப் பேணி வளர்த்தேன். இப்போது எண்ணிப் பார்க்கையில், கலங்கிய இரவுகளில் நான் ஒரு நல்ல வரியும் எழுதியதில்லை. கலக்கம் தன்னையன்றி வேறெதையும் பார்க்கவிடாது. கவிதைக்கோ நண்டைப் பார்க்க வேண்டும், தாழையைப் பார்க்க வேண்டும், எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும். துன்பம் கவிதைக்குப் பொருளாகலாம். அதைப் பார்க்கும் கண் தெளிந்திருந்தால்தான் ஆகும்.

இவ்வுரைக்குப் பின் கவியரங்கம் தொடங்குகிறது. அழைப்பிதழில் ஏழாவது பெயர் என்னுடையது. அமைப்பாளர் அவர்கள் வழக்கம்போல் மாற்றாக ஒருவரை ஆயத்தமாக வைத்திருப்பதை நான் அறிவேன். அந்த நண்பர் எட்டாவதாகப் படிக்கட்டும். என் நெஞ்சு இப்போதே படபடக்கிறது, கை சற்று நடுங்கும், தாள் ஒலிக்கும். பொறுத்தருளுங்கள். இம்முறை எனக்குப் பேருந்து இல்லை.